யார் வீட்டுப் பிள்ளை? – இணையத்தின் சான்றிதழ் எச்சரிக்கைகள் குறித்துச் சில அனுபவங்கள்



உத்தமபாளையத்தில் அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் வந்து அமர்ந்தால், பெரியவர்கள் முதலில் கேட்பது அவருடைய பெயரை அன்று. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே முதற்கேள்வி. அவர் தம் அத்தாவின் பெயரைச் சொல்வார். அது பெரியவருக்குப் பிடிபடாவிட்டால் பாட்டனாரின் பெயர் வரும். அதுவும் போதாவிட்டால் தெருவும், பாட்டனார் செய்த வியாபாரமும் வரும். ஏதோ ஓரிடத்தில் பெரியவரின் முகம் மலரும். "அட, ஏலக்காய்க் கடை ராவுத்தர் பேரனா நீ!" என்பார். அந்த இளைஞரை அவர் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் பாட்டனாரை அறிவார். அறிந்த ஒருவரில் சென்று முடிந்த அந்தப் பெயர் வரிசையே அறியாத ஒருவருக்குச் சான்றாகி விடுகிறது.

இணையத்தில் ஒரு பாதுகாப்பான தளத்தைத் திறக்கும்போது நம் கைப்பேசி அத்தளத்தின் சேவையகத்திடம் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விதான். சேவையகம் தன் சான்றிதழை நீட்டுகிறது. அதில் நான்கு செய்திகள் முக்கியமானவை: தளத்தின் பெயர், சான்றிதழ் எந்த நாள் முதல் எந்த நாள்வரை செல்லும் என்பது, தளத்தின் பொதுச்சாவி, இவற்றுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டவர் யார் என்பது. கையொப்பமிட்டவரைக் கைப்பேசி நேரடியாக அறியாது. ஆகவே அவருக்குச் சான்று கூறும் இன்னொருவரைச் சேவையகம் காட்டுகிறது. இந்த வரிசை, கைப்பேசி ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கும் ஒரு பெயரில் சென்று முடிய வேண்டும். அத்தகைய பெயர்களை வேர்ச்சான்றுகள் என்பர். நூற்றுக்கும் மேற்பட்ட வேர்ச்சான்றுகள், கருவியை நாம் வாங்கும்போதே அதனுள் பதிந்திருக்கின்றன. வரிசையில் ஒரு கண்ணி பிழைத்தாலும், இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை திரையை மறித்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் மஹல்லாவில் நாங்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலை அடுத்த சிறு அறையில் அமர்கிறோம். கல்வி உதவித்தொகை, கடவுச்சீட்டு, ஹஜ் பயணம், முதியோர் ஓய்வூதியம் எனப் பல விண்ணப்பங்களை நிரப்பித் தருவது எங்கள் பணி. எங்களுள் இருவர், 1956-இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் சென்னையில் கணினித் துறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திராட்சைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவரும் உண்டு. இந்த அறைக்கு வரும் சிக்கல்களுள் அடிக்கடி வருவது மேற்சொன்ன எச்சரிக்கைதான்.

அந்த எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்துகளில் ஒரு வழியும் இருக்கும். 'மேம்பட்டவை' என்பதை அழுத்தினால், 'ஆபத்தை ஏற்றுத் தொடர்க' என்னும் பொருள்பட ஓர் இணைப்பு தோன்றும். அதை அழுத்தினால் தளம் திறந்துவிடும். பேருந்து நிலையத்துக் கணினிக் கடையிலிருந்து கல்லூரி விடுதிவரை எல்லாரும் எல்லாருக்கும் சொல்லித்தரும் தீர்வு இதுவே. வாசலில் நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு விடை வராமலேயே, அவரை வீட்டுக்குள் அழைத்துப் பணப்பெட்டியின் அருகில் அமர்த்துவதற்கு ஒப்பானது இது. ஆகவே அந்த இணைப்பைத் தொடும் முன் எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதை, எங்கள் அறைக்கு வந்த நிகழ்வுகளைக் கொண்டே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. ஒரு தாய் தம் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக வந்தார். வீட்டிலிருந்த பழைய மேசைக்கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை. வைரஸ் புகுந்துவிட்டது என்று யாரோ கூறியிருக்கிறார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுள் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று திரையின் வலது மூலையைப் பார்த்தார். கணினியின் தேதி பத்து ஆண்டுகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தது. தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ மின்கலம் செயலிழந்துவிட்டால், மின்சாரம் நின்று மீண்டும் வரும் ஒவ்வொரு முறையும் கணினி தன் பழைய நாளுக்கே திரும்பிவிடும். அந்தப் பழைய நாளில் நின்றுகொண்டு பார்த்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் நடைமுறைக்கு வராதவை. மின்கலத்தை மாற்றி, நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்ளுமாறு அமைத்தவுடன் எல்லாத் தளங்களும் திறந்தன. ஒரே ஒரு தளம் மட்டும் மறுக்கிறதா, எல்லாத் தளங்களும் மறுக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே மறுத்தால், குறை பெரும்பாலும் நம் கருவியில்தான் இருக்கும்.

பொது இடங்களின் வைஃபையும் இவ்வகைக் குழப்பத்தை உண்டாக்கும். மருத்துவமனை, தங்கும் விடுதி போன்ற இடங்களில் முதலில் உள்நுழைவுப் பக்கம் ஒன்றை நிரப்ப வேண்டியிருக்கும். அதை நிரப்பும்வரை, நாம் எந்தத் தளத்தைத் தேடினாலும் அந்த இடத்தின் கருவியே குறுக்கே வந்து பதில் சொல்லும். அதன் பெயர் நாம் தேடிய பெயர் இல்லையாதலால் எச்சரிக்கை எழும். வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த இணையத்தில் முயன்றால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, கருவிக்குத் தெரிந்த பெரியவர்களின் பட்டியல் பழையதாகிவிடுவது. இதற்கு உலகளாவிய உதாரணம் ஒன்று உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சேவை, 2015 முதல் தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கி வருகிறது. உலகின் கோடிக்கணக்கான தளங்கள் அதன் சான்றிதழையே பயன்படுத்துகின்றன. தொடக்கத்தில் அது புதிய நிறுவனம் என்பதால் அதன் சொந்த வேர்ச்சான்றைக் கருவிகள் அறியவில்லை. ஆகவே ஐடென்ட்ரஸ்ட் என்ற பழைய நிறுவனத்தின் 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்னும் வேர்ச்சான்று அதற்குப் பிணை நின்றது. 2000-ஆம் ஆண்டில் உருவான அந்த வேர்ச்சான்றின் தவணை 2021 செப்டம்பர் 30 அன்று, நம் நேரப்படி இரவு 7.31 மணிக்கு முடிந்தது. அன்று வியாழக்கிழமை, இஷாவை ஒட்டிய நேரம். அதற்குள் லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்த வேர்ச்சான்றான 'ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1' புதிய கருவிகளில் எல்லாம் இடம்பெற்றிருந்தது. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத கருவிகளுக்கோ அந்தப் பெயர் தெரியவில்லை.

அந்த அக்டோபரில் எங்களிடம் ஓர் ஐபோன் 4எஸ் வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒருவர் விட்டுச்சென்ற கருவி. ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதில்தான் பாடம் படித்துக்கொண்டிருந்தான். கொரோனாவுக்குப் பின் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை செப்டம்பர் 1 அன்றே பள்ளிகள் திறந்திருந்தன. ஒன்று முதல் எட்டுவரை உள்ள பிள்ளைகளுக்கு நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஆகவே அச்சிறுவனுக்கு அந்தக் கைப்பேசியே பள்ளிக்கூடம். அவன் படித்துவந்த தளமோ அந்த வாரம் முதல் திறக்க மறுத்தது. ஐபோன் 4எஸ் ஐஓஎஸ் 9-க்கு மேல் செல்லாது. புதிய வேர்ச்சான்றோ ஐஓஎஸ் 10 முதல்தான் இடம்பெற்றது. வேறு கருவி வாங்க அந்தக் குடும்பத்துக்கு வசதி இல்லை. எனவே புதிய கணினி ஒன்றிலிருந்து, லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்தத் தளத்திலேயே வேர்ச்சான்றை எடுத்தோம். அதன் கைரேகை எண்ணை எழுத்தெழுத்தாக இருவர் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அந்தக் கைப்பேசியில் சேர்த்தோம். பாடம் மீண்டும் திறந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவியில் வேர்ச்சான்று ஒன்றைச் சேர்ப்பது என்பது, இவர் யாருக்குச் சான்று சொன்னாலும் நான் நம்புவேன் என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பையோ, முகம் தெரியாதவர் அனுப்பிய செயலி சொல்வதையோ நம்பி ஒருபோதும் அவ்வாறு செய்யலாகாது. கருவியைப் புதுப்பிப்பதே முறையான வழி. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி உடையோருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் வேர்ச்சான்றுப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், கருவியின் பட்டியல் பழையதானாலும் அது இயங்கும்.

அதே நாளில் கணினித் துறையிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. புதிய வேர்ச்சான்று தம் பட்டியலில் இருந்தும் பல சேவையகங்கள் தடுமாறின. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 என்ற பழைய பதிப்பு, வரிசையில் காட்டப்பட்ட பாதையைக் கடைசிவரை பின்தொடர்ந்து, தவணை முடிந்த வேர்ச்சான்றில் முட்டி நின்றுவிட்டது. நடுவழியிலேயே தனக்குத் தெரிந்த ஒருவர் நிற்கிறார் என்பதை அது கவனிக்கவில்லை. அத்தாவைத் தெரிந்திருந்தும், பாட்டனாரின் சீட்டுக் காலாவதியாகிவிட்டது என்று பேரனைத் திருப்பி அனுப்பிய காவலாளி போல. பட்டியலிலிருந்து அந்தப் பழைய வேர்ச்சான்றை நீக்குவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் அதற்குத் தீர்வாயின.

மூன்றாவது வகை, இடையில் ஒரு கண்ணி விடுபடுவது. அறச்செயல் ஒன்றுக்காக நன்கொடை திரட்டும் தளம் ஒன்று சிலருடைய கைப்பேசிச் செயலியில் திறக்கவில்லை. அதை நடத்துபவரிடம் சொன்னபோது, "எங்கள் கணினியில் நன்றாகத்தானே திறக்கிறது?" என்றார். இரண்டும் உண்மை. தளத்தின் சான்றிதழில் வேர் நேரடியாகக் கையொப்பமிடுவதில்லை. நடுவில் இடைச்சான்று ஒன்று இருக்கும். சேவையகம் தன் சான்றிதழோடு அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் சான்றிதழை மட்டும் வைத்துவிட்டு, இடைச்சான்றை வைக்க மறந்திருந்தார்கள். சில உலாவிகள் விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். பல செயலிகளும் சிறு நிரல்களும் அவ்வாறு தேடுவதில்லை. முழு வரிசையும் அடங்கிய கோப்பைச் சேவையகத்தில் வைத்தவுடன் சிக்கல் தீர்ந்தது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசைக்கு இஸ்னாத் என்று பெயர். இடையில் ஒருவர் விடுபட்டால் அது முன்கதிஃ, அதாவது தொடர்பு அறுந்தது எனப்படும். அவ்வரிசை பலவீனமாகிவிடும். அறிவிப்பாளர்கள் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் திரட்டப்பட்டு, ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்க முடியுமா என்று கணக்கிடப்பட்டது. ஒரே காலத்தில் வாழ்ந்தால் மட்டும் போதாது, சந்தித்தது உறுதியாக வேண்டும் என்பது ஹிஜ்ரி 256-இல் மறைந்த இமாம் புகாரி அவர்களின் நிபந்தனையாக அறியப்படுகிறது. கைப்பேசி தேதியைப் பார்ப்பதும், இடையில் ஆள் விடுபட்டிருக்கிறாரா என்று பார்ப்பதும் ஏதோ வறட்டுப் பிடிவாதம் என்று எண்ணுவோருக்கு, நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்தார்கள் என்று எங்கள் ஹஜ்ரத் அடிக்கடி நினைவூட்டுவார்.

நான்காவது வகையே மிகவும் அஞ்சத்தக்கது: பெயர் பொருந்தாமை. கணவரை இழந்த ஒரு பெண்மணி, மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்த வேண்டுமென்று வந்தார். தையல் வேலையில் சேர்த்த பணம் பன்னிரண்டாயிரம் ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது. உறவினர் ஒருவர் அனுப்பிய பழைய செய்தியில் கட்டணத் தளத்தின் இணைப்பு இருந்தது. அழுத்தியதும் எச்சரிக்கை வந்தது. முந்தைய நாள் கணினிக் கடையில் இருந்தவர், "ஒன்றுமில்லை அம்மா, தொடர்க என்பதை அழுத்துங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கடையில் மின்சாரம் போய்விட்டதால் பணம் அன்று செலுத்தப்படவில்லை.

எச்சரிக்கையின் விவரத்தை விரித்துப் படித்தோம். தவணை முடியவில்லை, வேர்ச்சான்றும் நன்கறியப்பட்டதே. ஆனால் சான்றிதழில் இருந்த பெயர் வேறு. கல்லூரிக்கும் அந்தப் பெயருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இத்தகைய பிழை சில வேளைகளில் தீங்கற்றதாகவும் இருக்கும். முகவரியின் முன்னொட்டை விட்டுத் தட்டினாலோ, ஒரே சேவையகத்தில் பல தளங்கள் இருந்து அமைப்பு தவறினாலோ இப்படி வரும். எனினும் பணம் செலுத்தும் இடத்தில் ஊகத்துக்கு இடமில்லை. கல்லூரியின் அச்சிட்ட கையேட்டில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினோம். அந்த முகவரியைத் தாங்கள் கைவிட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியாது என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். மறுநாள் அந்தப் பெண்மணி நேரில் சென்று பணத்தைக் கட்டி ரசீதுடன் திரும்பினார். அன்று அவர் கேட்ட கேள்வி எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, அது இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, ஏன் எல்லாரும் தாண்டிப் போகச் சொல்கிறார்கள்?"

நாங்கள் கண்டவரை அதற்கு விடை ஒன்றுதான். எச்சரிக்கை பலமுறை பொய்யாக வந்து பழகிவிட்டது. தளத்தை நடத்துவோர் தவணை முடிந்த சான்றிதழைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். அதைத் தாண்டிச் சென்றால் ஒன்றும் ஆகவில்லை என்று மக்கள் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு மெய்யான எச்சரிக்கை வரும்போதும் விரல் தானாகவே அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே புதுப்பிக்காமல் விடும் ஒவ்வொரு தளமும் தன் வாசலில் மட்டும் ஓட்டை வைப்பதில்லை. ஊரின் காவலையே தளர்த்துகிறது.

நிரல் எழுதும் நம் பிள்ளைகளிடமும் இதே பழக்கம் வேறு வடிவில் இருக்கிறது. மாணவர் ஒருவர், காய்கறிச் சந்தை விலைகளைத் தினமும் எடுத்துத் தரும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருந்தார். ஒருநாள் அது சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை என்று நின்றுவிட்டது. நண்பர்கள் சொன்ன தீர்வு: சரிபார்ப்பை அணைத்துவிடு. ஒரே சொல்லில் அதைச் செய்யலாம். கர்ல் போன்ற கருவிகளில் ஒரே எழுத்தில் செய்யலாம். அணைத்தாலும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுத்தானே செல்கிறது என்று அவர் கேட்டார். செல்கிறதுதான். ஆனால் யாருக்குச் செல்கிறது என்பது தெரியாது. இருட்டில் நிற்கும் ஆள் யாரென்று பார்க்காமல் அவர் காதில் இரகசியம் சொன்னால், வேறு எவருக்கும் கேட்காதுதான். கேட்டவர் யார் என்பதே கேள்வி. அவருடைய கணினியில் வேர்ச்சான்றுகளைச் சுமந்துவரும் 'செர்டிஃபை' என்ற பொதி பல ஆண்டுப் பழையதாக இருந்தது. அதைப் புதுப்பித்தவுடன், சரிபார்ப்பை அணைக்காமலேயே நிரல் ஓடியது.

சரி, திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரே தவறான ஆளுக்குச் சான்று சொல்லிவிட்டால்? நம் நாட்டிலேயே அது நடந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ் சான்றளிக்கும் அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் என்ற அலுவலகம் இயங்குகிறது. அதன் வேர்ச்சான்றை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் ஏற்றிருந்தது. ஆகவே விண்டோஸ் கணினிகள் அதை நம்பின. அதன்கீழ் இடைச்சான்று பெற்றிருந்தது தேசியத் தகவலியல் மையம். 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் சில முகவரிகளுக்கு அந்த மையத்தின் பெயரால் அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைச்சான்றுகளை ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் நடைமுறை ஊடுருவப்பட்டிருந்தது என்றும், நான்கு சான்றிதழ்களே தவறாக வழங்கப்பட்டன என்றும் கட்டுப்பாட்டாளர் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. அந்த நான்கில் அடங்காதவற்றையும் தாங்கள் கண்டிருப்பதாகக் கூகுள் கூறியது. அதன்பின் குரோம் உலாவி, அந்த வேர்ச்சான்றைக் குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் ஏற்பதென வரம்பிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் அந்த வேர்ச்சான்று இல்லாததால் அதைப் பயன்படுத்தியோருக்குப் பாதிப்பில்லை.

சான்று சொல்பவரையும் கண்காணிக்க வேண்டும் என்ற பாடத்தை 2011-இலேயே உலகம் கற்றிருந்தது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் ஊடுருவப்பட்டு, அதன் பெயரால் உருவான போலிச் சான்றிதழ் ஈரானியப் பயனர்களை வேவு பார்க்கப் பயன்பட்டது. அந்நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது. இன்று வழங்கப்படும் சான்றிதழ்கள் யாரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் அவ்வாறு பதிவாகவில்லையென்றால் குரோம் அதை ஏற்பதில்லை. நிகாஹை ஊரறிய நடத்த வேண்டும் என்று நம் மார்க்கம் வலியுறுத்துவதன் நியாயம் இங்கும் விளங்குகிறது. பலர் அறிய நடப்பதில் பொய்யை ஒளிப்பது கடினம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதற்கு எதிர்ப்புறமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு, இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஒரு செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் திறந்து வங்கி விவரத்தை நிரப்பினார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். பணம் இதை எழுதும் நாள்வரை திரும்பவில்லை. அவர் சொன்ன ஒரு சொல் எங்களை வாயடைக்கச் செய்தது: "பூட்டுப் படம் இருந்ததே தம்பி! நீங்கள்தானே அதைப் பார்க்கச் சொன்னீர்கள்?"

பூட்டு இருந்ததுதான். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, வரவும் வராது. ஏனெனில் மோசடிக்காரரும் தமக்கென ஒரு பெயரைப் பதிந்து, அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழ் பெறலாம். சான்றிதழ் உறுதி செய்வது, இந்தப் பெயருக்கு உரியவர் இவரே என்பதை மட்டும். அவர் நல்லவரா, அவர் சொல்வது மெய்யா என்று அது சொல்வதில்லை. மக்கள் பூட்டை நன்னடத்தைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே நீக்கி வேறு குறியீட்டை வைத்தது. ஹதீஸ் அறிஞர்கள் வரிசை அறுபடாமல் இருப்பதோடு நிறைவடையவில்லை. ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் தனியே விசாரித்தார்கள். கருவி முதற்பாதியைத்தான் செய்கிறது. மறுபாதியை நாம்தான் செய்ய வேண்டும். பொல்லாதவர் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அவசரம், பயம், இன்றிரவுக்குள் என்ற கெடு – இம்மூன்றும் சேர்ந்து வரும் எந்தச் செய்தியும் விசாரணைக்கு உரியதே.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே, எச்சரிக்கை வந்தால் இவ்வரிசையில் பாருங்கள். கருவியின் தேதியும் நேரமும் சரியா? மற்றத் தளங்கள் திறக்கின்றனவா? வேறு இணையத்தில், வேறு கருவியில் எப்படி? எச்சரிக்கை சொல்லும் காரணம் என்ன: தவணையா, பெயரா, அறியாத கையொப்பமா? முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தீர்களா? கருவியும் உலாவியும் புதுப்பிக்கப்பட்டவையா? இத்தனைக்குப் பிறகும் எச்சரிக்கை நீங்காவிட்டால், கடவுச்சொல்லோ பணமோ அந்தப் பக்கத்தில் இட வேண்டாம். உரியவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த எண்ணையும் அதே பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் தளங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழின் அதிகபட்சத் தவணை 2020 செப்டம்பர் முதல் 398 நாளாக இருந்தது. 2025-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி அது படிப்படியாகக் குறைந்து, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்றாகும். ஆண்டுக்கொருமுறை யாரோ ஒருவர் நினைவு வைத்துப் புதுப்பிப்பது இனி நடவாது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை இப்போதே செய்துவிடுங்கள். அந்த ஏற்பாடு ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. கொடுக்கல் வாங்கலில் தவணையும் சாட்சியும் அவ்வளவு கவனத்துக்கு உரியவை. ஸகாத்தையும் ஸதகாவையும் நம்மிடம் ஒப்படைப்பவர்கள் நம் வாசலுக்கு வரும்போது, எச்சரிக்கையைத் தாண்டி வாருங்கள் என்று அவர்களிடம் சொல்வது அமானிதத்துக்கு அழகன்று.

சென்ற வாரம் எங்கள் அறையின் சுவரில், மேற்சொன்ன கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். கைப்பேசியில் படம் எடுத்துச் சென்றவர்களுள் அந்தக் கணினிக் கடைக்காரரும் ஒருவர். உங்கள் மஹல்லாவிலும் இன்ஷா அல்லாஹ் இதைச் செய்யுங்கள். ஐயமிருந்தால் அஸருக்குப் பின் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

நம் பொருளையும் நம்மை நம்பியவர்களின் பொருளையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.